1995 யூனோஸ் ரோட்ஸ்டர்: ஸ்பிரிங், வீல் மாற்றினால் ஓட்டுகிற சுகம் கூடுமா?

கதிர், ரெடிங்

வணக்கம். போன மாதம் ஒரு 1995 யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கினேன். இங்கே பிரிட்டனில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே வண்டிதான். இது ஜப்பானிலிருந்து இறக்குமதியானது. 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், மேலே எழும்புகிற ஹெட்லைட். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊரில் அப்பாவின் மாருதி 800-ல் ஓட்டப் பழகியவன் நான். இங்கே வந்து பத்து வருடம் கனமான டீசல் கார்களையே ஓட்டிவிட்டு, இதில் உட்கார்ந்ததும் அந்தப் பழைய இலேசு மறுபடி கைக்கு வந்தது. பார்த்த அன்றே பேசி முடித்துவிட்டேன்.

ஆனால் ஒரு மாதம் ஓட்டிய பிறகு சில விஷயங்கள் உறுத்துகின்றன. வளைவில் நிறையச் சாய்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. மோட்டார்வேயில் 60 மைலைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, நேராகப் போகவே சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அலுவலக நண்பர் ஒருவரிடமும் இதே மாடல் இருக்கிறது. உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது), 17 அங்குல வீல், அகல டயர், புது சைலன்சர் எல்லாம் போட்டிருக்கிறார். அதை ஓட்டிப் பார்த்தேன். துளியும் சாயவில்லை, தண்டவாளத்தில் போவது போல் வளைகிறது. ஆனால் இறங்கியபோது எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. என் வண்டி இத்தனை குறையோடும் பேசிக்கொண்டே வருகிறது. அவருடையது பேசவே இல்லை.

கையில் 1,500 பவுண்ட் இருக்கிறது. அவர் செய்ததையே செய்யவா? வேறு வழி இருக்கிறதா? வேகம் எனக்கு முக்கியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் மனது நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

—

பாம்புக் கணவாய், ஷெஃபீல்டு

கதிர் தம்பி, வாழ்த்துகள். இதே கேள்விக்கு 2010-ல் நான் தப்பான விடையைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த 1,500 பவுண்டை அப்படியே வையுங்கள். உங்கள் வண்டி எப்படி ஓடும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முப்பது வருடம் ஆன ரப்பர் எப்படி ஓடும் என்றுதான் இந்த ஒரு மாதத்தில் தெரிந்திருக்கிறது.

என்னுடையது 1996 வண்டி, பிரிட்டனில் விற்ற 1.6. ஆரம்பத்தில் வந்த 1.6-க்கு 115 குதிரைத்திறன் பக்கம் இருந்தது; பின்னால் இங்கே விற்றதை 90-க்குக் குறைத்துவிட்டார்கள். என்னுடையது அந்த 90 வண்டி. இரும்பு வீல், பவர் ஸ்டீயரிங் கிடையாது. வாங்கிய அடுத்த வருடமே 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், 17 அங்குல வீல், 205 மில்லிமீட்டர் அகல டயர், சத்தமான சைலன்சர் எல்லாம் போட்டேன். ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே. வாசலில் நிற்கும்போது பார்க்க அழகாக இருந்தது, அதை இன்றும் சொல்வேன்.

என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஏ57. ஷெஃபீல்டிலிருந்து லேடிபவர் ஏரியைத் தாண்டி, மரங்களுக்குள் ஏறி, மேலே மொட்டை மேட்டைக் கடந்து கிளாசப்பில் இறங்கும் சாலை. ஸ்நேக் பாஸ் என்பார்கள், என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அங்கே நிலம் அடிக்கடி சரியும். அதனால் தார் ஓரிடத்தில் அமுங்கியிருக்கும், அடுத்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். ஒரு அக்டோபர் காலை, தரை ஈரம். வலப்பக்கம் திரும்பும் வளைவின் நடுவில் அப்படி ஒரு அமுங்கல். நான் போனது 45 மைலுக்குள்தான். பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளி, கருங்கல் சுவரை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. எதிரில் யாரும் வரவில்லை. அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்திவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஷாக் அப்சார்பரின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் இடிக்காமல் காப்பது அதுதான். என் வண்டியில் நான்கு தடுப்புகளும் நசுங்கிப் பளபளத்தன. இந்த வண்டிக்கு மேல்நோக்கிய பயண இடமே குறைவு. அதில் 40 மில்லிமீட்டரை நான் முன்கூட்டியே தின்றுவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுமில்லை. சாதாரணச் சாலையிலேயே வண்டி ஸ்பிரிங் மேல் போகாமல் அந்த ரப்பர் மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வளைவில் ஒரு மேடு வந்ததும் சக்கரத்துக்கு ஏற இடமில்லை, தரையை விட்டுவிட்டது.

நண்பரின் வண்டி பேசவே இல்லை என்றீர்கள். டயர் தன் பிடியின் எல்லைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் பேச ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் சற்று இலேசாகும், இருக்கை வழியாகப் பின்சக்கரம் மெதுவாக வெளியே சாய்வது தெரியும். இந்த வண்டிக்கு மாஸ்டா கொடுத்தது 185 அகலத்தில் 14 அங்குல டயர். அந்த எல்லை 40, 50 மைலிலேயே, பக்குவமாக, முன்னறிவிப்போடு வந்து நிற்கும். 205 அகலத்தில் ஒட்டும் டயரைப் போட்டால் அதே எல்லை இன்னும் அதிக வேகத்துக்கு ஓடிவிடும். ஸ்நேக் பாஸில் அனுமதி 50 மைல். அப்படியானால் சுவாரசியம் முழுவதும் நான் போகக் கூடாத வேகத்தில் உட்கார்ந்திருக்கிறது. போகக்கூடிய வேகத்தில் வண்டி உறங்குகிறது.

சாய்வும் அப்படித்தான். எவ்வளவு பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் போயிருக்கிறது என்பதை உடம்புக்குச் சொல்வது அந்தச் சாய்வு. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இந்த வண்டி வந்தபோது, அதன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் குழுவினர் சொன்ன வார்த்தை ‘ஜின்பா இத்தாய்’, குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள். வெறும் விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் இணைத்து ஒரு நீள அலுமினியச் சட்டம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் நடுவில் தொய்வு இருக்கக் கூடாது என்பதற்காகவே வைத்தது. நான்கு பக்கமும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள். 90 குதிரைத்திறன் வண்டிக்கு இவ்வளவு செய்தவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் கவனமில்லாமல் மென்மையாக விட்டிருப்பார்களா?

இன்னொன்று. 2017-ல் மாஸ்டா ஜப்பானில் இந்த முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, பழைய பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்-325 டயரையே அதே 185/60 ஆர்14 அளவில் மறுபடி செய்ய வைத்தது. டயரும் வண்டியின் ஒரு பாகம்தான் என்று செய்தவர்களே நினைக்கிறார்கள்.

சரி, உங்கள் வண்டி. டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் பார்த்து எழுதுங்கள். அதன் பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். இந்த வண்டியில் முன்னும் பின்னும் கேம்பர் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்வது), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்பது) எல்லாமே திருத்தலாம், அப்படி ஒரு வசதி பல விலையுயர்ந்த கார்களிலேயே இல்லை. ஆனால் திருத்தும் போல்ட்டுகள் பனிக்காலத்தில் இங்கே சாலையில் தூவும் உப்பு கலந்த தண்ணீரில், புஷ் என்ற ரப்பர் உருளைக்குள் இறுகிப் போயிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

கடைசியாக, மிகச் சின்னச் செலவு. கியர் கம்பியின் அடியில் ஒரு சிறு கிண்ணம் போல இருக்கும், அதற்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய். பெரும்பாலான வண்டிகளில் அது வற்றி, மேலே உள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கும். உறையை மாற்றி, நூறு மில்லிக்கும் குறைவாகப் புது எண்ணெய் விட்டால் போதும், ஒரு மதிய வேலை. நான் இந்த வண்டிக்குச் செய்ததிலேயே பைசாவுக்குப் பைசா மிக அதிக சந்தோஷம் தந்தது அதுதான்.

—

அருள், மெல்பர்ன்

பாம்புக் கணவாய் அண்ணா சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டால் கதிருக்கு நியாயமில்லை.

என்னிடம் இருப்பது 2016 மாடல், நான்காம் தலைமுறை, 1.5 லிட்டர். பிளாக் ஸ்பர் சாலையில், ஹீல்ஸ்வில்லிலிருந்து நார்பெத்தாங் வரை அந்த உயர மரங்களுக்கு நடுவே, கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கே போதும். ஆனால் நான் வருடத்துக்கு ஐந்தாறு முறை வின்டன் பந்தயத் தடத்துக்குப் போகிறேன். முதல் முறை போனபோது ஐந்தாவது சுற்றில் பிரேக் மிதி தரைவரை இறங்கியது. எண்ணெய் கொதித்துவிட்டது. மாலையில் பார்த்தால் முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் கரைந்து போயிருந்தது, நடுப்பகுதி புதிது போல.

அதன் பிறகு அதிகச் சூடு தாங்கும் பிரேக் பேட், நல்ல பிரேக் எண்ணெய், முன்னால் கூடுதல் நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது), சாய்வைக் குறைக்கும் கொஞ்சம் தடித்த ஆன்டி-ரோல் பார், திருத்தக்கூடிய ஷாக் அப்சார்பர், ஒட்டும் டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்று, அதைப் புரிந்துகொண்ட பிறகே அடுத்தது. இப்போது ஒரு நாள் முழுவதும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. அதனால்தான் என் தவறு எது, வண்டியின் குறை எது என்று பிரிக்கவே கற்றுக்கொண்டேன். எனக்கு அது பெரிய சந்தோஷம், சின்ன டயரில் கிடைத்ததைவிடப் பெரிது.

சாய்வு பேசும் என்கிறார் அண்ணா. நான்காம் தலைமுறையில் அது ரொம்பவே பேசுகிறது. 2022-ல் மாஸ்டாவே இந்த வண்டிக்கு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது: வேகமான வளைவில் உட்பக்கப் பின்சக்கரத்துக்கு மிக மெல்லிய பிரேக் கொடுத்து, வண்டியின் பின்பக்கம் எழும்பாமல் கீழே இழுத்து வைப்பது. ஆரம்பத்தில் விட்டது கொஞ்சம் அதிகம் என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது.

சாலைக்கு மட்டும் என்றால் அண்ணா சொல்வதைச் செய்யுங்கள். தடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதல் செலவு பிரேக், இரண்டாவது ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் வைக்கும் வளைவுக் கம்பி. கூரை இல்லாத வண்டியைப் பல தடங்களில் அது இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

—

கதிர், ரெடிங்

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. தடத்துக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

டயர் பார்த்தேன். முன்னால் இரண்டிலும் 1411. அதாவது 2011-ஆம் வருடம் பதினான்காவது வாரம்! பின்னால் வேறு கம்பெனி, 2016. ஆழம் நிறைய இருந்ததால் நல்ல டயர் என்றே நினைத்திருந்தேன். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. பக்கச்சுவரில் மெல்லிய விரிசல்களும் தெரிகின்றன.

—

நிலா, லெஸ்டர்

கதிர், டயருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அதே நாளில் இதையும் பாருங்கள். துணிக்கூரையை இறக்கி, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் டார்ச் அடித்தால் மழைநீர் வடியும் ஓட்டை தெரியும். இலையும் தூசியும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டத்துக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் குமிழி விடும்போது உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்யுங்கள். காற்றழுத்தம் வைத்து ஊதாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னுடையது 2002 மாடல், இரண்டாம் தலைமுறை. அதில் துரு வேறு இடத்தில் வரும், முன்பக்கச் சட்டங்களில். நல்ல ஷாக் அப்சார்பர், புது வீல் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தை ஒரு குத்து குத்தினார், பாதிவரை உள்ளே போனது. வாங்கியதை எல்லாம் விற்று வெல்டிங்குக்குக் கொடுத்தேன். வண்டி இன்றும் என்னிடம் இருக்கிறது, அது போதும்.

இன்னொன்று, எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், வீல் உட்பட. நான் போன் செய்தபோது வீலுக்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டு ஒரு விபத்து நடந்தால் பணம் தர மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

—

பாம்புக் கணவாய், ஷெஃபீல்டு

நிலா சொன்னது எல்லாவற்றுக்கும் முந்தியது. நான் அதை விட்டது தவறு.

அருள், தடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறுப்பில்லை. அங்கே எதிரில் லாரி வராது, சுவர் கிடையாது. எல்லையை எவ்வளவு வேகத்தில் வைத்தாலும் போய்த் தொடலாம். பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் 1.6-ல் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர். 1.8 வண்டியின் 255 மில்லிமீட்டர் டிஸ்க்கை நான் போட்டு ஆறு வருடம் ஆகிறது, ஹோம் மாஸ் மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது இப்போது பயமில்லை. அதுவும் மாற்றம்தான். மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் 2022 ஏற்பாட்டைப் பற்றி ஒன்று கவனியுங்கள். பின்பக்கம் எழும்புகிறது என்று பட்டபோது ஸ்பிரிங்கை இறுக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் செய்யவில்லை. இருக்கிற பிரேக்கை வைத்தே, எடையும் ஏற்றாமல், மெதுவாகப் போகும்போது இருந்த மென்மையை அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த மென்மையைக் காப்பாற்ற இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

கதிர், 2011 டயரோடு இனி மழையில் ஓட்டாதீர்கள். தயவுசெய்து.

—

கதிர், ரெடிங்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நிலா, வலப்பக்க ஓட்டை அடைத்திருந்தது. கம்பி விட்டதும் ஒரு கைப்பிடி கறுத்த சேறு வந்தது. பக்கச் சட்டத்தை மெக்கானிக் தட்டிப் பார்த்து, இப்போதைக்குக் கெட்டியாக இருக்கிறது என்றார். உள்ளே மெழுகு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே பார்த்திருக்கவே மாட்டேன்.

நான்கு டயரும் புதிது, அதே 185/60 ஆர்14, விலைக்கேற்ற சாதாரண டயர்தான். சக்கரச் சமநிலை பார்த்ததும் மோட்டார்வே நடுக்கம் போய்விட்டது. அலைன்மென்ட் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது: வலப் பின்சக்கரம் வெளிப்பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. நேராகப் போகாமல் நான் திருப்பிக்கொண்டே இருந்தது அதனால்தான். முன் இடது கேம்பர் பாசிடிவ் பக்கம், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்திருக்கிறது. ஒரு வாரம் எண்ணெய் அடித்தும் இடப் பின்பக்கப் போல்ட் மட்டும் அசையவில்லை. மற்றதையெல்லாம் திருத்தினார்கள். கியர் கிண்ணத்துக்கும் எண்ணெய் விட்டேன், உறை மூன்று துண்டாக வெளியே வந்தது. எல்லாம் சேர்த்து இதுவரை 430 பவுண்ட்.

ஞாயிறு காலை ஸ்ட்ரீட்லி ஊருக்குப் போய் அங்குள்ள மேட்டில் ஏறினேன். கூரை திறந்து, ஹீட்டரைக் காலுக்கு வைத்து. 40 மைலுக்கு மேல் போகவில்லை. மேலே போனதும் திரும்பி இறங்கி, மறுபடி ஏறினேன். மூன்று முறை. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றுவதற்காகவே ஏறினேன் என்றும் சொல்லலாம். முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிகிறது அண்ணா.

பள்ளத்தில் ஆடுவது மட்டும் இன்னும் போகவில்லை. என்ன ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?

—

பாம்புக் கணவாய், ஷெஃபீல்டு

மூன்று முறை ஏறினீர்கள் என்று படித்ததும் நானும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போதுதான் திரும்பி வந்து எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், உடைந்திருந்தால் ஒழிய. ஷாக் அப்சார்பர் உங்கள் கணக்குக்கு கேஒய்பி கம்பெனியின் சாதாரண வகை போதும். கொஞ்சம் இறுக்கம் வேண்டுமென்றால் பில்ஸ்டைன் கம்பெனியுடையது, இந்த வண்டியின் சில ஸ்போர்ட்ஸ் வகைகளில் கம்பெனியிலேயே அதுதான் வந்தது. எதை வாங்கினாலும் நான்கு பம்ப் ஸ்டாப்பையும் மேல் ரப்பர் மவுன்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள். பிரித்துப் பூட்டுவது ஒரே வேலை, இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

அசையாத போல்ட்டைச் சூடாக்கி அடிக்கச் சொல்லாதீர்கள், புஷ் கருகும், சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கையும் வளையும். வாள் வைத்து இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிட்டு, புதுப் போல்ட்டும் புது ரப்பர் புஷ்ஷும் போடச் சொல்லுங்கள். கெட்டியான பாலியூரிதேன் புஷ் வேண்டாம், உங்கள் ஓட்டத்துக்கு ரப்பர்தான். புதுப் போல்ட்டின் மேல் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை சுலபமாகத் திரும்பும்.

பூட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பல பட்டறைகளில் வண்டி தூக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், ஒரே வருடத்தில் கிழியும். முதலில் விரலால் இறுக்கி வைத்து, வண்டியைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, இரண்டு முறை அழுத்தி விட்டு, அதன் பிறகுதான் கடைசி இறுக்கு. அலைன்மென்ட் அதற்கும் பிறகு.